ஸ்பூனைப் போடாத வீப்கே

எங்கள் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் விருந்தாளிக்குச் சோறு போடாவிட்டாலும் மன்னிப்பு உண்டு. காலிக் கோப்பையோடு உட்கார வைத்தால் கிடையாது. ஸ்பூன் தருவது தேநீரைக் கலக்க அல்ல. போதும் என்றால் கோப்பைக்குள் போட. போடும்வரை வீட்டுக்காரர் ஊற்ற வேண்டும், கூடவே தானும் குடிக்க வேண்டும். எங்கள் பேக்கரி முதலாளி ஒன்னோ இதில் மகா கறார். மாமியார் செத்த அன்றும் துக்கம் கேட்க வந்த ஒருவரையும் மூன்று கோப்பைக்கு முன்னால் எழுந்திருக்க விடாதவர்.

அங்கே கல்லாவில் நிற்பவள் நான், ஆல்ட்யே. உள்ளே மாவு பிசைந்தவள் வீப்கே. வாய்த்துடுக்கு அதிகம், கைத்திறன் அதைவிட அதிகம். மகன் ட்யார்க் பிறந்து விடுப்பில் இருந்தாள். அது முடியப் போகிறது. பிள்ளையின் அப்பன் எப்போதோ கம்பி நீட்டிவிட்டான். அவள் வேலை தொடங்குவது இரவு இரண்டு மணிக்கு. குழந்தைகள் காப்பகம் திறப்பது காலை ஏழுக்கு. நடுவில் பிள்ளையை ரொட்டி அடுப்பிலா வைப்பாள்?

வேலையை விடுவதுதான் வழி. ஆனால் தானாக விட்டவர்களுக்கு அரசாங்கம் மூன்று மாதம் உதவித்தொகை தராது. தக்க காரணத்தைக் காட்டினால்தான் உடனே தரும். “இவளுக்குத் தர என்னிடம் பகல் வேலை இல்லை” என்று ஒன்னோ ஒரு வரி எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் வாடகைக்கு வழியில்லை. மனிதர் பிடிகொடுக்கவே இல்லை.

ஒரு மதியம் கடையை மூடி அவர் தூங்கப் போகிற நேரமாகப் பார்த்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் ஒன்னோ தேநீர் வைத்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

“எழுதிக் குடுத்தா நீ போயிடுவ. அப்புறம் மாவை யாரு பிசையறது? ஆல்ட்யேவா?”

“அக்கா பிசைஞ்சா ரொட்டிய வச்சு வீடே கட்டலாம் மொதலாளி” என்றாள் வீப்கே. எனக்குச் சுருக்கென்றது. அவள் பக்கம் பேச இருந்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது கோப்பை முடிந்தது. நான் என் ஸ்பூனைப் போட்டேன். அவள் போடவில்லை. அவர் ஊற்றினார். நான்காவதும் போயிற்று. ஐந்தாவதில்தான் ஒன்னோவுக்கு உறைத்தது. அவர் கண் அவள் ஸ்பூனைவிட்டு நகரவில்லை.

“ஏம்மா, ராத்திரி வேலைக்குப் போறவன் நான். இவ்ளோ டீ குடிச்சா எப்படித் தூங்கறது?”

“நல்லா இருக்கு மொதலாளி, அதான். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

“ஸ்பூனைப் போடு, எழுதறேன்.”

“எழுதுங்க, போடறேன்.”

ட்யார்க்குக்கு என்ன புரிந்ததோ, கெக்கெக்கே என்று சிரித்தான். ஒன்னோ இரண்டாவது முறை தண்ணீர் கொதிக்க வைத்தார். “போதும், கிளம்பு” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் எங்கள் ஊர்க்காரன் வாயில் வராது.

எட்டாவது கோப்பையில் பேனாவை எடுத்தார். எழுதி முடித்துத் தலை நிமிராமலே சொன்னார்: “உன்னை மாதிரி மாவு பிசைய ஆள் கிடைக்காது. அதான் இத்தனை நாள் எழுதலை. போதுமா?”

வீப்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பூனைக் கோப்பைக்குள் போட்டாள். பிறகு இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார்கள். பிள்ளை என் மடியில்.

பணம் தடையில்லாமல் வந்தது. இலையுதிர் காலத்தில் முதியோர் இல்லச் சமையலறையில் பகல் வேலையும் கிடைத்தது.

இப்போதும் ட்யார்க்கோடு எங்களைப் பார்க்க வருவாள். ஒன்னோ அவளுக்குக் கொண்டுவரும் கோப்பையில் மட்டும் ஸ்பூன் முன்னதாகவே உள்ளே கிடக்கும். வேறு யாருக்கு அப்படிச் செய்தாலும் தலைமுறைப் பகை. அவளோ அதை எடுத்து நக்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோப்பையை நீட்டுவாள்.

ஒன்னோ ஊற்றுவார்.