பங்கேற்பாளர் மூன்றும் ஆறு துணித்துண்டுகளும்

குற்றச்சாட்டு இது: 2019 மார்ச் 14 அன்று, நான் பண்டகக் காப்பாளராக இருந்த கல் அறுக்கும் கூடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் தொழில் சுகாதாரத் துறை தூசியை அளந்தது. அதை வைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் நான்காம் பக்கத்தில், கருவிகள் எட்டு மணி நேரமும் ஆய்வாளரின் நேரடிக் கண்காணிப்பில் இருந்தன என்று அச்சாகியிருக்கிறது. அது உண்மையன்று. வாயில் பதிவேட்டின்படி ஆய்வாளர் காலை 9.10-க்கு வெளியே போனார், மாலை 4.50-க்குத் திரும்பினார். நகல், இணைப்பு 1.

கட்டுரையில் ஆறு தொழிலாளர்கள் எண்களாக இருக்கிறார்கள். "பங்கேற்பாளர் 3: ஆண், வயது 46, மெருகேற்றுபவர், அனுபவம் 19 ஆண்டுகள்." அவர் என் அண்ணன். ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவாகிய உங்களிடம் அந்த ஒரு வரிதான் இருக்கிறது என்பதால் மீதியை நான் எழுதுகிறேன்.

சமையல் மேடைகளுக்கான செயற்கைக் கல் பலகைகளை அவர் மெருகேற்றினார். அவர் கை பட்ட பலகையில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பதால் கூடத்தில் அவருக்குக் 'கண்ணாடி' என்று பெயர். மாலையில் புருவம் வரை வெளுத்து வீடு திரும்புவார். அண்ணி வாசலிலேயே நிறுத்துவார்.

"மாப்பிள்ளைக்குப் பவுடர் ஜாஸ்தி. உதறிட்டு உள்ள வாங்க."

"கல்யாணத்தன்னிக்கு இவ்வளவு வெள்ளையா இருந்தேனா?"

"இருந்திருந்தா எங்கப்பா யோசிச்சிருப்பார்."

கல்லின்மேல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே அறுத்தால் தூசி அடங்கும். அதற்குக் குழாய் வேண்டுமென்று கேட்டு, கூடத்து ஆட்கள் கையொப்பமிட்ட மனுவை 2018-இல் நானே தட்டச்சு செய்தேன். ஆய்வு முடிவைப் பார்த்துச் செய்யலாம் என்றார் முதலாளி. சுவரில் துளை மட்டும் போடப்பட்டது.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விலையுள்ள எதையும் துணி சுற்றாமல் வைப்பதில்லை. அளவுகோல், மோட்டாரின் சுவிட்சுப் பெட்டி, முதலாளியின் கைப்பேசி எல்லாமே துணிக்குள்தான் இருக்கும். ஆட்களுக்கு மாதம் ஒரு முகமூடி. அதற்குரிய பதிவேடும் என்னிடம் உண்டு.

மார்ச் 14 காலையில், ஆய்வாளராக வந்த உங்கள் ஆராய்ச்சி மாணவி ஆறு பேருக்கும் கருவி மாட்டினார். காற்றை இழுக்கும் பெட்டி இடுப்பில். அதன் வாய் சட்டைக் கழுத்துப் பட்டையில். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணனிடம் சொன்னார்: "அண்ணே, இது ரொம்ப விலை. ஒண்ணு உடைஞ்சாலும் துறையில என்னை உள்ள விட மாட்டாங்க. கொஞ்சம் பாத்துக்கங்க."

"கவலைப்படாம போம்மா. எம் புள்ளை மாதிரி பாத்துக்கறேன்."

அவர் போனதும் அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"ஆறு துண்டு துணி குடுடா."

"எதுக்குண்ணே?"

"அந்தப் பொண்ணோட சாமானுக்கு. இந்தத் தூசியில அதுங்க ஒரு நாள் தாங்குமா?"

புதுச் சுருளிலிருந்து நான் வெட்டிக் கொடுத்தேன். நான்காக மடித்து, ஆறு பேருடைய கருவி வாயிலும் அவரே கட்டிவிட்டார். மாலை நாலரைக்கு அவிழ்த்து, துடைத்து, வரிசையாக வைத்தார். "புதுசு மாதிரியே இருக்கேண்ணே" என்றார் மாணவி. அந்தச் சொல்லை அண்ணன் ஒரு வாரம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தூசி, அனுமதிக்கப்பட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கே என்று கட்டுரை முடிவு சொன்னது. முதலாளி அதன் முதல் பக்கத்தைச் சட்டமிட்டு, குழாய்க்காகப் போட்ட துளையின்மேல் மாட்டினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

2021-இல் அண்ணனால் மாடிப்படி ஏற முடியவில்லை. கல் தூசியால் நுரையீரல் இறுகிவிட்டதென்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இது தொழிலால் வந்த நோயன்று என்று தொழில் நோய் வாரியம் மறுத்தது. சான்றாகக் காட்டியது உங்கள் கட்டுரையை. இணைப்பு 2.

"மெஷின் பொய் சொல்லுமாடா? அதுக்கு என்மேல என்ன கோபம்? என் உடம்புதான் சரியில்ல" என்றார் அண்ணன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அகராதியை வைத்துக்கொண்டு பதினொரு வாரம் அந்தக் கட்டுரையைப் படித்தேன். பிறகு, அதில் குறிப்பிட்டிருந்த கருவியின் கையேட்டைத் தேடி வாங்கினேன். அதன் ஆறாம் பக்கத்தில் படம் போட்டு, கருவியின் வாயை எதுவும் மறைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. எழுந்துபோய் என் பதிவேட்டைத் திறந்தேன். மார்ச் 14: துணித்துண்டு, ஆறு. கையெழுத்து என்னுடையது.

அண்ணனிடம் சொல்லவில்லை. ஏழு மாதம் சொல்லவில்லை. மூக்கில் குழாயோடு சாய்ந்தபடி கேட்பார்: "படிச்சியே, ஏதாவது கெடைச்சுதாடா?"

"இன்னும் படிச்சிட்டிருக்கேண்ணே."

"நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் டாக்டராயிடுவேன் போல."

2022 பிப்ரவரி 9 அன்று, குற்றம் தன் உடம்பின்மேல்தான் என்ற நம்பிக்கையோடு இறந்தார்.

பதிவேட்டின் நகலை, ஆய்வை நடத்திய உங்கள் பேராசிரியருக்கு அனுப்பினேன். தொலைபேசியில் பதில் வந்தது. "நீங்க எழுதின பதிவேடு, உங்க அண்ணன் விஷயம். இதை எப்படிங்க ஆதாரமா எடுத்துக்கறது? துணி கட்டினவரே சொல்லட்டும்."

"அவர் இறந்துட்டாருங்க."

"அப்போ கஷ்டம்தான்."

மற்ற ஐவரும் அங்கேயே, தண்ணீரில்லாமல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று துணி கட்டியிருந்ததாக ஒரு வரி எழுதித் தரும்படி, அவர்களில் கல் அறுக்கும் ஒருவரிடம் கேட்டேன். அவருக்கும் இருமல் தொடங்கியிருந்தது.

"கையெழுத்துப் போட்டா நாளைக்கே வெளிய போயிடுவேன். போடலைன்னா மெதுவா போவேன். மெதுவாவே போறேன், விடுங்க தம்பி."

கொண்டுபோன வெற்றுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

என் குற்றத்தை நான் மறைக்கவில்லை. துணியை வெட்டியவன் நான். ஆனால் கண்காணித்தோம் என்று எழுதியவன் நானல்லன். அன்று யாராவது அங்கே நின்றிருந்தால் ஒரே நிமிடத்தில் அவிழ்த்திருப்பார்கள். அந்த ஆறு எண்களும் நான்கு மடிப்புத் துணிக்குப் பின்னால் இருந்த காற்றை அளந்தவை. அண்ணன் சுவாசித்ததை அளந்தவை அல்ல. அவற்றைத் திரும்பப் பெறுவீர்களா, மாட்டீர்களா? நான்காம் பக்கத்து வாக்கியத்தை எழுதியவர் யார்? இவ்விரண்டுக்கும் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம், தேதியிட்டு, கையொப்பத்துடன் பதில் தர வேண்டும். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அதைக் கோப்பில் வைக்க முடியாது.