தோட்டத்து மணி ஆறு

இது நடந்தது. நம்பச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். வேதியியல் படித்த எனக்கே நம்ப நாளாயிற்று. நேரங்களை மட்டும் கவனித்துப் படியுங்கள். அவற்றில் ஒரு நிமிடம்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

படிப்பு முடிந்து நான் சேர்ந்த முதல் வேலை, மலைமேல் ஒரு தேயிலை ஃபேக்டரியில். கொழுந்து வாட்டும் மாடியில் ஈரப்பதம் அளக்க வேண்டும். நீளமான மரத்தளம். இருபுறமும் கம்பிவலைத் தொட்டிகள், அவற்றின்மேல் பச்சைக் கொழுந்து, அடியிலிருந்து காற்று வீசும் பெரிய விசிறிகள். ஒரே கதவு. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்பு வலை. சுத்தம் கருதி, செருப்பும் செல்போனும் மேலே கொண்டுபோகக் கூடாது.

அந்த மலையில் ஒரு காலத்தில் காடும் தினைக் கொல்லைகளும் இருந்தனவாம். வெள்ளைக்காரத் துரைமார் வந்து எல்லாவற்றையும் அழித்து ஒரே செடியை நட்டார்கள். அவர்கள் போய் எழுபது வருடம் ஆகியும் தேயிலைப் பெட்டிகள் அதே துறைமுகத்துக்குத்தான் இறங்கின. மாடியில் தொங்கிய கடிகாரமும் அவர்களுடையதுதான். ஊர் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும். அந்த நேரத்துக்குத் தோட்டத்து மணி என்று பெயர். விடியும் முன்பே ஆட்களை வேலைக்கு இறக்க அவர்கள் அப்படித் தள்ளி வைத்தார்களாம். பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை. மணியடிக்கும் சுத்தியலும் எப்போதோ கழன்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்து ஒரு மணியைக் கழித்துக்கொள்வோம். பழகிவிட்டது.

சேர்ந்த அன்று பெரிய கிளார்க் என் போன் எண்ணைக் கேட்டார். சொன்னேன்.

"என்னது?"

மறுபடி சொன்னேன்.

"சத்தமாப் பேசும்மா. கொழுந்துகூட உன்னைவிட நல்லாச் சத்தம் போடும்."

அவர் சொன்னது சரிதான். பள்ளியில் என் "உள்ளேன்" காதில் விழாமல், வகுப்பில் இருக்கும்போதே எனக்கு விடுப்புப் போட்ட ஆசிரியர்கள் உண்டு.

எனக்கு இன்னும் பிளாஸ்டிக் அடையாள அட்டை வரவில்லை. மேஜையின் அடி இழுப்பறையைத் துழாவி ஒரு பழைய பித்தளை வில்லையை எடுத்துக் கொடுத்தார். 214. "இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. இப்போதைக்குக் கழுத்துல மாட்டிக்கோ. இன்னொண்ணு, அஞ்சு மணிக்கு மேல மாடியில இருக்காதே."

"ஏன் சார்?"

"இருக்காதேன்னா இருக்காதே."

இரண்டு வாரம் ஆகியும் அட்டை வரவில்லை, வில்லைதான் கழுத்தில். அன்று புதன்கிழமை. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மேலே போனேன். கோடித் தொட்டி வரைக்கும் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது 4.20. ஒன்றைக் கழித்தேன். 3.20. நேரம் கிடக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் வெளியூரிலிருந்து கொள்முதல்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் சிரிக்கக் கூடாதென்று மெக்கானிக் அன்று மதியம்தான் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருத்தியிருந்தான். அது எனக்குத் தெரியாது.

4.40. கீழே கொழுந்தை உருட்டும் இயந்திரங்களின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. மூன்று நாற்பதுக்கே ஏன் நிறுத்துகிறார்கள் என்று யோசித்தேன்.

4.50. ஜன்னலில் மூடுபனி. வெளிச்சம் மங்கியிருந்தது. மழை வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

5.00. என் தலைக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்த கோடி விசிறி சட்டென்று நின்றது. விளக்குகள் அணைந்தன.

அந்த அமைதியில்... நூறடி தள்ளி... பூட்டு விழும் சத்தம்.

ஓடினேன். கதவைத் தட்டினேன். "அண்ணே" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாட்ச்மேன் அண்ணனின் காலடி படியிறங்கிப் போய்த் தேய்ந்தது.

அப்போது கடிகாரம் அடித்தது.

சுத்தியல் இல்லாத கடிகாரம்.

எண்ணினேன். ஆறு. முள் ஐந்தில்தான் இருந்தது.

கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். கொழுந்து சரசரத்தது. காற்றில்லை. விசிறி ஓடவில்லை. ஆனாலும் கோடித் தொட்டியில் கொழுந்து புரண்டது. கைகள் அளைந்து புரட்டுவதுபோல. பிறகு அடுத்த தொட்டியில். பிறகு அதற்கடுத்ததில்.

5.12. வெறுங்கால்கள் மரத்தளத்தில் நடந்தன. நிறையக் கால்கள். வந்து வரிசையில் நின்றன.

ஓர் ஆண்குரல். சலிப்பான குரல். தினமும் செய்கிற வேலையைச் செய்யும் குரல்.

"நூத்தி எண்பத்தொண்ணு."

"இருக்கேன்." கோடியிலிருந்து ஒரு பெண்.

"நூத்தி எண்பத்திரெண்டு."

"இருக்கேன்."

ஒவ்வொரு பதிலும் ஒரு தொட்டி நெருங்கி வந்தது. கிழட்டுக் குரல். சிறுமியின் குரல். இருமலோடு ஒரு குரல்.

என் உள்ளங்கால்கள் வெதுவெதுத்தன. தளம் சூடாகிக்கொண்டிருந்தது.

"இருநூத்தி ஒம்போது."

"இருக்கேன்."

புகை நாற்றம். கதவைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை.

"இருநூத்தி பன்னெண்டு."

"இருக்கேன்."

கால் மாற்றி மாற்றி நின்றேன். பாதம் சுட்டது.

"இருநூத்தி பதிமூணு."

"இருக்கேன்."

என் இடது காதருகே. மூச்சு பட்டது.

கழுத்தில் வில்லை கனத்தது.

"இருநூத்தி பதினாலு."

அமைதி.

"இருநூத்தி பதினாலு."

எல்லோரும் காத்திருந்தார்கள். பதில் சொன்னால் வரிசை முடிந்துவிடும். வரிசை முடிந்தால் அடுத்து என்ன என்று என் பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வாய் திறந்தது. அவ்வளவு பயம். பதில் சொல்லிவிட்டால் போதும் என்கிற பயம்.

குரல் வரவில்லை.

"இருநூத்தி பதினாலு..."

"இருக்கேன்."

கணீரென்று. அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி.

என் குரல்.

நான் சொல்லவில்லை.

பிறகு எதுவுமே இல்லை. தளம் குளிர்ந்தது.

6.02. கதவு திறந்தது. டார்ச்சோடு வாட்ச்மேன் அண்ணன். லாக்கருக்குள் என் போன் ஓயாமல் அடித்ததாம். அம்மா பதினேழு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"பூட்டறதுக்கு முன்னாடி கூப்பிட்டேனேம்மா. ஏன் பதிலே சொல்லல?" என்றார்.

உள்ளங்கால்கள் இரண்டும் கொப்பளித்திருந்தன.

மறுநாள் வேலையை விடுவதாகச் சொல்லி வில்லையைப் பெரிய கிளார்க்கின் மேஜையில் வைத்தேன். அவர் என் கால்கட்டைப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. பீரோவிலிருந்து பழுத்துப்போன ஒரு விசாரணை அறிக்கையை எடுத்துப் பிரித்தார்.

"துரைங்க காலத்துல வேலை ஆறுலேர்ந்து ஆறு. காலையில ஆறுன்னா தோட்டத்து மணி. சாயங்காலம் ஆறுன்னா மட்டும் ஊர் மணி. புரியுதா? தினமும் ஒரு மணி நேரம் கூடுதல். அதுவரைக்கும் யாரும் இறங்கிடக் கூடாதுன்னு வெளியே பூட்டு."

"அப்புறம் சார்?"

"ஒருநாள் ஊர் மணி அஞ்சு இருபதுக்கு மாடியில தீ. முப்பத்து மூணு பொம்பளைங்க. விசாரணையில துரை என்ன சொன்னான் தெரியுமா? எங்க கடிகாரத்துல ஆறு அடிச்சாச்சு, வேலை முடிஞ்சுது, அந்த நேரத்துல மாடியில யாருமே இல்லைன்னான். அதையே தீர்ப்பா எழுதிட்டாங்க. செத்ததா ஒருத்தர் பேர்கூட இதுல இல்லை."

வில்லையை விரலால் தள்ளினார். "இது வச்சிருந்தவ அன்னைக்குக் காய்ச்சல்னு வரல. அதான் இது ஒண்ணு மிஞ்சிச்சு. நான் உனக்குக் கொடுத்திருக்கக் கூடாது."

ஐந்து மாதம் ஆகிறது. இப்போது சமவெளியில், அம்மாவோடு, வீட்டில் இருக்கிறேன்.

போன வாரம் வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டார். மணி 5.19.

"வீட்லதான் இருக்கீங்களாம்மா?"

"ஆமாண்ணே."

"நல்லாத் தெரியுமா?"

"ஏண்ணே?"

"தினமும் இந்த நேரத்துக்கு... நீங்களே கேளுங்க."

போனை எதிலோ வைத்தார். மரக்கதவாக இருக்க வேண்டும். தூரத்தில் அந்தச் சலிப்பான குரல்.

"இருநூத்தி பதிமூணு."

"இருக்கேன்."

"இருநூத்தி பதினாலு."

தொண்டையில் கை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை.

"இருக்கேன்" என்றேன். போனுக்குள்ளிருந்து. கணீரென்று.

எங்கள் வீட்டுத் தரை சிமென்ட். வெளியே மழை. செருப்பில்லாமல்தான் நின்றிருந்தேன்.

பாதங்களுக்குக் கீழே தரை... மெல்ல... வெதுவெதுத்தது.