குரல் கொடுக்காத வேட்டு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் கேட்டது நட்ட நடுப்பகலில். 1986, சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை. என்னோடு குவாரிப் பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இதோடு மூடி வைத்துவிடலாம்.

அப்போது நான் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடைவரை மண்டபத்துக்குக் காவலாளி. முழுப் பாறையைக் குடைந்து செய்தது. முன்னால் இரண்டு தூண், உள்ளே சின்னதாக ஓர் இருட்டறை. வாசலில் நீலப் பலகை: 'பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். சேதப்படுத்தினால் சிறைத் தண்டனை.' அந்தப் பலகைக்குப் பயந்த ஒரே ஆள் நான்தான்.

அதே பாறையின் மறுபக்கம் காண்ட்ராக்டர் சுப்பராயலுவின் கல் குவாரி. நடுவில் எல்லைக்கல். அதைத் தாண்டி வெடி வைக்கக் கூடாது. ஒவ்வொரு வேட்டுக்கும் முன்னால் குவாரி ஆள் கண்ணையன் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு மூன்று முறை குரல் கொடுப்பார். "வேட்டேய்...!" ஜல்லி உடைக்கும் பெண்கள் ரோட்டுக்கு ஓடிவிடுவார்கள். பஸ்கூட நின்றுதான் போகும்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தேன். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், மண்டபத்துக்கு நேர் பின்னால், பாறையில் சுப்பராயலு வரிசையாகத் துளை போட்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இன்னாயா இது? கவர்மெண்டு எடம்யா!"

சுப்பராயலு சிரித்தான். "ஒடச்சா எல்லாம் ஜல்லிதான். சொம்மா பேஜாரு பண்ணாத, போ."

உடனே பஸ் பிடித்துத் திண்டிவனம் போய், மேலதிகாரிக்கு போன் போட்டேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றார். திங்கட்கிழமை வந்து எதைப் பார்ப்பாராம்? அன்று ராத்திரி கடைசி பஸ்ஸில்தான் திரும்பினேன்.

சனிக்கிழமை காலையில் துளைகளுக்குக் கீழே கல் சரிந்து கிடந்தது; துளை போட்டதில் விழுந்தது என்று நினைத்தேன். கண்ணையனைக் காணோம். அவர் மனைவி கெங்கம்மாள் அங்கேதான் ஜல்லி உடைப்பவள். "வெடி மருந்து வாங்க நேத்தே அனுப்பிக்கிறேன்னு காண்ட்ராக்டர் சொன்னாரு" என்றாள். கண்ணையன் இல்லாமல் வேட்டு கிடையாது. அந்தத் தைரியத்தில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குள் துண்டை விரித்துப் படுத்தேன்.

மணி பன்னிரண்டு பத்து.

"வேட்டேய்..."

பாறை உச்சியிலிருந்து வந்தது. கண்ணையன் குரலேதான். வெளியே கெங்கம்மாள், "எங்க ஊட்டுக்காரரு வந்துட்டாரு!" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். எல்லாப் பெண்களும் ஓடினார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. கோபம். வைக்கட்டும், என் மேலேயே வைக்கட்டும் என்று கிடந்தேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. அவர் குரல் கேட்டால் மண்டபத்து வாசல் ஆலமரத்துக் காக்கை அத்தனையும் பறக்கும். அன்று ஒன்றுகூட அசையவில்லை...

"வேட்டேய்..."

இப்போது எல்லைக்கல் பக்கம். அவ்வளவு உயரத்திலிருந்து அதற்குள் எப்படி இறங்கினார்?

என் காலடியில் படுத்திருந்த நாய் எழுந்தது. இருட்டறையைப் பார்த்தது. பின்பக்கமாகவே நகர்ந்தது.

அந்த அறைக்கு வேறு வழி கிடையாது.

உள்ளே... யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"வேட்டேய்...!"

என் காதுக்குள்.

ஓடினேன்.

ரோட்டில் பஸ் நின்றிருந்தது. டிரைவர் திட்டிக்கொண்டிருந்தார். "செவப்புத் துணிய ஆட்டிக்கினு நடு ரோட்டுல நின்னானே, எங்கயா அவன்?" ரோட்டில் அப்படி யாரும் இல்லை. பயணிகள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மண்டபத்துக்குப் பின்னால் திரியும் தீப்பெட்டியுமாக நின்ற சுப்பராயலுவை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"எவன்டா கொரல் குடுத்தது?" என்று கத்தினான்.

"எங்க ஊட்டுக்காரருதான்" என்றாள் கெங்கம்மாள்.

அவன் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது.

கூட்டத்தின் முன்னால் அவனால் வெடிக்க முடியவில்லை. திங்கட்கிழமை அதிகாரி போலீசோடு வந்தார். துளைகளுக்குக் கீழே புதிதாகச் சரிந்து கிடந்த கற்களை அகற்றினார்கள். அடியில் கண்ணையன். வாய் நிறையக் கல்தூள்.

நான் திண்டிவனம் போயிருந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு, சுப்பராயலு தானே முதல் வேட்டை வைத்திருக்கிறான். குரல் கேட்டு பஸ் நின்றால் எல்லை தாண்டியதை நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்று குரல் கொடுக்காமல். கீழே கடப்பாரை எடுக்கப் போயிருந்த கண்ணையனுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை வேட்டும் வெடித்திருந்தால் மண்டபம் போயிருக்கும், நான் போயிருப்பேன், கண்ணையன் எந்தக் காலத்திலும் கிடைத்திருக்க மாட்டார்.

உயிர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்விட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வழக்கை விபத்து என்று முடித்தார்கள். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

உடலை எடுத்தபோது கெங்கம்மாள் அழவில்லை. நேராகச் சுப்பராயலுவிடம் போனாள்.

"ஊருக்கே கொரல் குடுத்த மனுசன்யா. அவருக்கு நீ ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதா?"