பட்டியலில் நான் அடித்த பெயர்

மூங்கில் தடுப்புக்கு மேலே நீண்டிருந்த ஒரு கை. அதில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த ஒரு மனு. ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில், வெயில் ஏறிய ஒரு முற்பகலில் நான் பார்த்தது அது. பார்த்தேன் என்பதையே இருபது ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் தில்லியில், குடியரசுத் தலைவர் அலுவலகத்தில், தமிழில் வரும் கடிதங்களைப் படித்து ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதும் வேலையில் இருந்தேன். துறையூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மாதம் தவறாமல் எழுதுவார். வளைகுடா நாடொன்றுக்கு லாரி ஓட்டப் போன அவருடைய ஒரே மகன், விபத்து வழக்கில் மாட்டிக்கொண்டு அங்கே சிறையில் இருந்தான். கடிதங்களை உரிய துறைக்கு அனுப்பிவிட்டு அவருக்குப் பதில் போடுவேன். ஒருநாள் அந்தப் பதிலில் இருந்த எண்ணுக்கு அவரே போன் செய்தார். எதிர்முனையில் தமிழ் கேட்டதும் மகன் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார். பிறகு அடிக்கடி கூப்பிட்டார். என்னைத் ‘தம்பி’ என்றார்.

குடியரசுத் தலைவர் ஸ்ரீரங்கத்துக்கு வருவது முடிவானதும், ஊர்க்காரன் என்று என்னையும் உடன் அனுப்பினார்கள். தரிசனம் முடிந்து அவர் ஓய்வெடுக்கும் இடத்தில் சிலர் ஐந்து நிமிடம் சந்திக்கலாம். அந்தப் பட்டியலில் நான் நான்கு பெயர் சேர்க்கலாம். நான்காவதாக அந்த அம்மாவின் பெயரை எழுதினேன். போனில் விவரமும் சொன்னேன். “ஐயா கையிலேயே குடுத்துடலாமா தம்பி?” என்று இரண்டு முறை கேட்டார். குடுக்கலாம் என்றேன்.

பட்டியல் போலீஸ் சரிபார்ப்புக்குப் போவதற்கு முந்தைய நாள், தில்லை நகரில் கிளினிக் வைத்திருக்கும் என் மைத்துனர் பேசினார். தானும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மனைவியும் சொன்னாள். நான் பெரிதாக யோசிக்கக்கூட இல்லை. நான்காவது பெயரை அடித்துவிட்டு மைத்துனரின் பெயரை எழுதினேன். அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், சொல்லாமலே விட்டுவிட்டேன்.

தரிசன நாளன்று அந்த அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, கழுத்தில் அடையாள அட்டையோடு போகிறவர்களிடமெல்லாம் என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். யாரோ என்னைக் காட்டியதும் கையை நீட்டி, “தம்பி, நான்தான் துறையூர்லேர்ந்து வந்திருக்கேன்” என்றார். பக்கத்தில் நின்ற காவலர் என்னைப் பார்த்து, “தெரிஞ்சவங்களா சார்?” என்று கேட்டார். என் பின்னால் புதுச் சட்டையில் மைத்துனர்.

“இல்லைங்க, தெரியாது” என்றேன்.

அதன்பிறகு அவர் போன் செய்யவில்லை, கடிதமும் வரவில்லை. ஒரு நோன்புப் பெருநாளையொட்டி அந்த நாட்டு அரசு கொடுத்த பொதுமன்னிப்பில் மகன் விடுதலையானான். அதில் என் பங்கு எதுவுமில்லை. ஆனால் அடுத்த முறை நான் விடுமுறைக்கு ஸ்ரீரங்கம் வந்தபோது, விலாசம் விசாரித்துக்கொண்டு தாயும் மகனும் வீட்டுக்கு வந்தார்கள். “நீங்க இல்லேன்னா நான் இல்லை சார்” என்று அவன் என் காலில் விழுந்தான். அம்மா வாசலருகிலேயே நின்றுகொண்டார். நான் மறுக்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி வந்தாள். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களின் வாய்மொழி நினைவுகளைப் பதிவு செய்கிறாளாம். ஸ்ரீரங்கம் பயணம் பற்றிக் கேட்டாள். சரளமாகச் சொன்னேன். ஓர் ஏழைத் தாயின் கடிதங்கள், நான் எடுத்த முயற்சி, மகன் திரும்பி வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவளின் கண் கலங்கியது. அவள் போன பிறகு என் குரலே எனக்குக் கூசியது. மூன்றாம் நாள் துறையூருக்கு பஸ் ஏறினேன்.

அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது தாண்டியிருக்கும். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெயரை அடித்ததைச் சொன்னேன். தடுப்பருகே சொன்ன பொய்யைச் சொல்லத் தொடங்கியபோது கையமர்த்தினார்.

“அது தெரியும் தம்பி. நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு.”

பின் ஏன் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

“அவன்தான் உங்களைப் பாக்கணும்னு நின்னான். ஜெயில்ல அவனுக்கு யாரும் இல்லை. நான் எழுதுன லெட்டரைப் படிச்சு, நமக்காக தில்லியில ஒருத்தர் இருந்தாருன்னு நெனைச்சுக்கிட்டிருந்தான். அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.” உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இப்பவும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க.”

மகன் வெளியே வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். சாப்பிடாமல் விடவில்லை. பஸ் நிலையம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். கூட்டம் நெரிந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இருந்த ஒருவரிடம், “ஐயாவுக்குக் கொஞ்சம் எடம் குடுங்கண்ணே, என்னை உசுரோட ஊருக்குக் கொண்டாந்தவரு” என்றான். அவர் உடனே எழுந்துகொண்டார்.

நான் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பும்வரை அவன் கீழே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தான்.