நூற்றுப் பத்து கிராம்

காற்றுக்கு எடை உண்டு என்று எனக்குக் காட்டியவர் என் அண்ணன். என் சமையலறைத் தராசில் அவருடைய காற்றுத் துப்பாக்கியில் மாட்டும் சின்ன இரும்பு சிலிண்டரைக் காலியாக வைத்தார். இருநூற்று எழுபது கிராம். மறுநாள் துப்பாக்கி சுடும் கூடத்தில் காற்று நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். இருநூற்று எண்பத்தைந்து. "பாத்தியா, பதினஞ்சு கிராம் காத்து!" என்றார், தானே பெற்றெடுத்த மாதிரி.

"மூணு ஸ்பூன் சர்க்கரை எடைக்கா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க?" என்றேன். எனக்கு வாய் அப்படி.

அண்ணனுக்கு சலூன்தான் தொழில். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தெருவைப் பார்த்த ஜன்னல். ஐந்தாவது வகுப்பில் பாடத்தை விட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தவர், ஐம்பத்து மூன்று வயதிலும் பார்த்துக்கொண்டிருந்தார். முடி வெட்டும்போது கத்தரி பாதியில் நின்றுவிடும். ஜன்னல் வெயிலில் துண்டு முடிகள் மிதந்து இறங்குவதைப் பார்த்தபடி நிற்பார். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் காத்திருப்பார்கள்.

சாயங்காலமானால் ஏர் பிஸ்டல். குழலுக்கு அடியில் அந்த சிலிண்டரைத் திருகி மாட்டி, ஒற்றைக் கையை நீட்டி, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையின் கறுப்பு வட்டத்தைச் சுட வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் துளிக் காற்று வெளியே வந்து ஈயக் குண்டைத் தள்ளும். "ஒவ்வொரு வாட்டியும் கை கொஞ்சம் லேசாகுது தெரியுமா? அறுபது சூடு முடியறப்ப நானே தரையில இல்லாத மாதிரி இருக்கும்" என்பார். யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அறுநூறுக்கு ஐந்நூற்று நாற்பது எடுத்தால் பெரிய போட்டிக்குப் போகலாம். எட்டு வருடமாக ஐந்நூற்று முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று வாசல்வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் தேர்வுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கருவிகளைச் சோதிப்பவர் சிலிண்டரில் பொறித்திருந்த தேதியைப் பார்த்துவிட்டார். "பத்து வருஷம் முடிஞ்சிருச்சு சார். உள்ள அழுத்தம் ஜாஸ்தி, என்னைக்கு வெடிக்கும்னு சொல்ல முடியாது. இனிமே இதை மாட்டக் கூடாது." அந்த மாதிரி இரும்பு இப்போது வருவதில்லையாம். அலுமினியம்தான் கிடைத்தது. நூற்று அறுபது கிராம்.

அன்றிலிருந்து குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. "பழகிடும்" என்றார்கள் கூடத்தில். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன் நான். என் நாக்கில் சனி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடன் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கேலியோடே இருந்திருப்பேன்.

நான் திரைச்சீலை தைக்கிறவள். ஒரு விளிம்பு நேராக நிற்கிறதா, அசைகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அண்ணன் கையை நீட்டினார். குழல் நுனி விடாமல் துடித்தது. மெல்லிய, ஒரே சீரான துடிப்பு. காற்றேற்றாத பழைய சிலிண்டரை மாட்டி, சுடாமல் சும்மா நீட்டினார். நுனி அடங்கி நின்றது. மறுபடி புதியது. மறுபடி துடிப்பு.

"அண்ணே, கை..." என்றேன்.

"ஆமா" என்றார். "இரும்போட கனம்தான் நடுக்கத்த இத்தனை நாளா அமுக்கி வச்சிருந்திருக்கு."

நான் பயந்துபோனேன். துப்பாக்கியை நினைத்து அல்ல. சவரக் கத்தி முப்பது கிராம்கூட இருக்காது.

டாக்டர் பார்த்துவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லை, சில கைகளுக்கு வயதானால் வரும் நடுக்கம், மெல்ல மெல்லக் கூடும் என்றார். அண்ணன் கடையில் எதுவும் சொல்லவில்லை. "முதல்ல தேர்வு முடியட்டும்" என்று என்னிடம் சொன்னார். அதுவரை யாருக்கும் சவரம் செய்யாமல் ஏதேதோ சாக்கு சொல்லிச் சமாளித்தார்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். திரைச்சீலை பறக்காமலிருக்க விளிம்புக்குள் வைத்துத் தைக்கும் ஈயத் துண்டுகளைத் தராசில் கொட்டி நூற்றுப் பத்து கிராம் எடுத்தேன். அண்ணன் அவற்றைத் தட்டி வளைத்துக் குழலுக்கு அடியில் பொருத்தினார். தேர்வு நாளன்று சோதிப்பவர் பிஸ்டலை எடை போட்டார், அளவுப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். "சரியா இருக்கு, போங்க."

அன்று அண்ணன் சுட்டதைப் பார்த்தது தூங்கி எழுந்த பிறகும் விடாத கனவு மாதிரி இருக்கிறது. உயர்ந்த ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. வரிசையில் எல்லோரும் கை நீட்டி நின்றார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் சின்னச் சின்னதாகக் காற்று கிளம்பிப் போனது. அண்ணன் கை இறங்கும், வட்டத்துக்கு அடியில் வந்து நிற்கும், அந்த நிற்றலில் நானும் மூச்சை மறந்தேன். ஐந்நூற்று நாற்பத்தொன்று. நான் அழுதுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கடைக்குப் புதுத் திரை மாட்டப் போயிருந்தேன். என் கணவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் சோப்பு நுரை. "போட்டிதான் ஜெயிச்சாச்சே மச்சான், இன்னிக்காவது சேவிங் பண்ணுங்க" என்று அவரே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

அண்ணன் கத்தியை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்தார். கத்தி நுனி துடித்தது. வெகுநேரம் அதையே பார்த்தார். வழக்கமான கனவுதான் என்று என் கணவர் கண்ணை மூடிக் கழுத்தைக் காட்டிக் காத்திருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணே, கத்திக்கும் ஈயம் கட்டித் தர்றேன். எங்கிட்ட நிறைய இருக்கு."

அவர் சிரித்தார். "அட்டையில தப்பினா ஒரு பாயிண்ட் போகும். இது கழுத்தும்மா."

கத்தியை மடக்கி என் கையில் வைத்தார். பிறகு துண்டை எடுத்து, என் கணவர் முகத்து நுரையைக் காதோரம்வரை நிதானமாகத் துடைத்துவிட்டு, "இனிமே முடி மட்டும்தான் மாப்ளே" என்றார்.