எப்படித் தெரிந்தது

அவளுக்கு அகராதி என்று பெயர் வைத்தவள் நான்தான். பட்டியல் போட வந்தவளுக்குப் பொருத்தமான பெயர் என்று அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் வைத்தது வயிற்றெரிச்சலில். அவளும் சிரித்துக்கொண்டே அதை ஏற்றுக்கொண்டாள்.

நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்குள் ஓடுகிற இயங்குதளத்தை எழுதுவது எங்கள் வேலை. மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள், இருபத்திரண்டு பேர். பதினோரு வருடமாகப் பலர் எழுதிச் சேர்ந்த அந்த நிரலைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சுருக்கங்கள்தான். ஐ.எஸ்.ஆர். என்றால் அவசர அழைப்பு வந்ததும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிச் செய்கிற சின்ன வேலை. பி.சி.பி. என்றால் எங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செயலின் விவரச் சீட்டு, பக்கத்து அறை வன்பொருள்காரர்களுக்கு மின்சுற்றுப் பலகை. இவை புத்தகத்தில் கிடைக்கும். எங்கள் ஆட்களே அவசரத்துக்கு உண்டாக்கிய இருநூறு முந்நூறு சுருக்கங்கள் எதிலும் கிடைக்காது. அவை என் தலைக்குள்தான் இருந்தன.

"அக்கா, இதுக்கு என்ன விரிவு?" என்று யாராவது கேட்டபடியே இருப்பார்கள். கேட்க வருகிறவர்கள் உட்கார என் மேசையருகில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். நான் பெரிய நிரலாளர் ஒன்றும் இல்லை. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். ஆனால் மேலே போனவர்களும் அந்த நாற்காலிக்கு இறங்கி வந்தாக வேண்டும். அது எனக்குப் போதுமாக இருந்தது.

அகராதி வந்து சேர்ந்தது ஆவணங்கள் எழுத. வயது நாற்பத்தாறு, என்னைவிட நான்கு வயது மூத்தவள். எல்லோரும் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் என்னை அக்கா என்றாள். அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு மருத்துவமனையில் டாக்டர்கள் கிறுக்கித் தருவதைத் தட்டச்சு செய்தவள். ஒருநாள் ஒரு சீட்டில் இருந்த மூன்றெழுத்து புரியாமல், இதுவாகத்தான் இருக்கும் என்று விரித்து அடித்துவிட்டாள். ஊசி போடப் போன நர்ஸ் சந்தேகப்பட்டு நிறுத்தியதால் ஒரு கிழவர் பிழைத்தார். இதை அவளே, சேர்ந்த இரண்டாம் நாள், சாப்பிட்டுக்கொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னாள். தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்கிறாளே என்று நான் நினைத்தேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவர், கல்லூரியில் இரண்டு பெண்கள், அதற்கு நடுவில் மாலை வகுப்பில் கணினி படித்து, ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் எங்களிடம் நுழைந்திருந்தாள். அந்த ஆறு மாதத்தில் சுருக்கங்களின் பட்டியலை முடித்தால் வேலை நிரந்தரம்.

பட்டியலில் அவள் மூன்று கட்டங்கள் போட்டாள். சுருக்கம், விரிவு, எப்படித் தெரிந்தது. மூன்றாவதில் புத்தகத்தின் பெயர் இருக்கும், சொன்னவர் பெயர் இருக்கும், ஒன்றும் கிடைக்காவிட்டால் "தெரியாது" என்று இருக்கும். கூச்சமே இல்லாமல் எழுதுவாள். யார் கேட்டாலும் "எனக்குத் தெரியலையே, பார்த்துச் சொல்லட்டா?" என்பாள். பார்த்தும் சொல்லிவிடுவாள். நான்காவது மாதம் என் மேசையருகில் இருந்த நாற்காலியை யாரோ அவள் மேசைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அவள் டி.டபிள்யூ.பி. என்ற சுருக்கத்தோடு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நாலு இடத்துல வருது. யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் கேக்கச் சொல்றாங்க."

எனக்குத் தெரியாது. பதினோரு வருடத்தில் அந்த மூன்றெழுத்தை நூறு தடவை தாண்டிப் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. தெரியாது என்று வேறு யாரிடமாவது சொல்லியிருப்பேனோ என்னவோ, அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"டிஸ்க்ல எழுதுற ஃபைல்ல மொதல்ல வருது பாருங்க. டிலேடு ரைட் பூல். எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் தேக்கி வச்சு எழுதுற இடம்" என்றேன். நம்பும்படிதான் இருந்தது. தப்பாக இருந்தால் அவள் தலையில் விடியட்டும் என்று நினைத்ததையும் இப்போது மறைக்க மாட்டேன். அவள் போய்விட வேண்டும், நாற்காலி திரும்பி வர வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் மாதக் கடைசியில் கூட்டம். எங்கள் தலைவர் பட்டியலைத் திரையில் போட்டு வரிவரியாகப் பார்த்தார். அகராதி முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். டி.டபிள்யூ.பி. வரட்டும் என்று நான் காத்திருந்தேன்.

வந்தது. விரிவு என்ற கட்டத்தில் "டோன்ட் வேக் பேரன்ட். கிளைச் செயல் முடிந்தாலும் அதைத் தொடங்கிய தாய்ச் செயலை எழுப்பாதே" என்று இருந்தது. எப்படித் தெரிந்தது என்ற கட்டத்தில் "அக்கா" என்று இருந்தது.

தலைவர் மேசையைத் தட்டினார். "இதைத்தான் ரெண்டு வருஷமா தேடிட்டு இருந்தேன். மொதல்லயே அக்காவைக் கேட்டிருக்கணும், வேற யாருக்குத் தெரியும்!" யாரோ கைதட்ட, அறையே தட்டியது. வெட்கம்கெட்டவள், நான் சிரித்தேன். பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

"சரி, நீங்களே சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார் தலைவர். "எப்ப எழுப்பக் கூடாது? மருந்து தீர்ந்ததைப் பார்க்கிற கிளைக்கும் இதைப் போடலாமா? நாளைக்கு மருத்துவமனைக்கு அனுப்புற கையேட்டுல அந்தப் பத்தி போகணும்."

ஊகிக்கத் தெரியாதவளா நான்? போடலாம் என்றோ கூடாது என்றோ ஒன்றைச் சொன்னால் அப்படியே அச்சாகிவிடும். தாய்ச் செயலை எழுப்பாமல், மருந்து தீர்ந்தும் சத்தம் போடாமல் நிற்கும் ஒரு கருவி கண்முன் வந்தது. அகராதியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துதான் இருக்கும் என்று நம்புகிறவள் போல, நான் சொல்வதையும் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "நான் இவங்ககிட்ட சொன்னது வேற. அது தப்பு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இது இவங்களே கண்டுபிடிச்சது."

அகராதி பதறிப்போனாள். "அப்படி இல்லை சார். அந்த ஃபைலைக் காட்டினது அக்காதான். அங்க யாரு எதை மாத்தினாங்கன்னு இருந்த குறிப்பைப் பார்த்துத்தான், அதை எழுதினவருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன். அதான் அக்கா பேரு போட்டேன்." பிறகு அந்தப் பத்தியையும் அவளே சொன்னாள். மருந்து தீர்ந்ததைப் பார்க்கிற கிளைக்கு அதைப் போடவே கூடாதாம்.

தலைவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவளைப் பார்த்து, "நாளையிலேருந்து நீங்க நிரந்தரம்" என்றார். மறுபடி கைதட்டல். நானும் தட்டினேன். என் உள்ளங்கை எரிந்தது, உள்ளேயும் எரிந்தது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, எனக்கு ஒரு மண்ணும் லேசாகவில்லை.

திரையில் அடுத்த வரி ஏறியது. அதிலும் "அக்கா" என்றுதான் இருந்தது. அது நான் சொன்னதுதான். சத்தியமாகச் சரி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலைவர் அதைப் படித்தார், என்னைத் தாண்டி அகராதியைப் பார்த்தார்.

"இதைச் சரிபார்த்தாச்சா?" என்று கேட்டார்.