சித்தேரி மலைக்கு அண்ணியின் பால் சைக்கிள்

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு வந்த புதிதில் ஒரு நாள், என்னோடு வேலை செய்யும் ஜூலி சமையலறைத் தராசில் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்ததும் அதை ரம்பத்தால் பாதியாக அறுத்துக் கைப்பிடியைக் குப்பையில் போட்டாள். எனக்குப் பகீரென்றது. நாங்கள் இருவரும் முதியோர் இல்லத்தில் நர்சுகள். மருந்து எண்ணிக் கொடுக்கிறவளுக்கு மூளை குழம்பினால் என்ன ஆவது? விசாரித்தால், பைக்பேக்கிங் போகிறாளாம். கூடாரம், போர்வை, சோறு எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, இவர்கள் ‘புஷ்’ என்று சொல்கிற கரடுமுரடான காட்டுப் பாதையில் மிதித்துப் போய், ஓர் இரவு தங்கி வருவது. பாரம் குறையக் குறைய மேடு ஏறுவது சுலபம் என்று பிரஷ்ஷைக்கூட விட்டுவைக்கவில்லை. “எங்க அண்ணி தினமும் ரெண்டு கேன் பாலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார்” என்று நான் பீற்றிக்கொண்டேன். ஜூலி கண்களை விரித்து, “எந்தப் போட்டிக்கு?” என்று கேட்டாள். போட்டி இல்லையம்மா, பால் சொசைட்டிக்கு என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிறகு நானும் அவளோடு போகப் பழகினேன். புறப்படும் முன் ஒரு தாளில் எழுதித் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். எந்த வழி, எங்கே தங்கல், யாரிடம் கேட்டால் தகவல் தெரியும் என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘திரும்பிய நேரம்’ என்று ஆளுக்கு ஒரு கட்டம் விட வேண்டும். வந்ததும் நம் கையாலேயே அதை நிரப்ப வேண்டும். ஒரு முறை தாளை ஜூலியிடம் கொடுத்துவிட்டுத் தனியாகப் போய் வந்தவள், அதை மறந்து வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டேன். ஜூலி வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். “கட்டம் காலியாக இருந்தால் ஆளைத் தேட வேண்டும், ரீட்டா!” என்று கத்தினாள். நான் என்ன சின்னப் பிள்ளையா என்று அன்றைக்குக் கோபம் வந்தது. நான் வராததைக் கவனிக்க இந்த ஊரிலும் ஓர் ஆள் இருக்கிறது என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது.

போன விடுமுறைக்கு எங்கள் ஊர் கடத்தூருக்குப் போனபோது, போனில் இருந்த காட்டுப் படங்களைச் சகாயம் அண்ணி ஒன்றுவிடாமல் பார்த்தார். எங்கள் அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து அவர் வெளியே தங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி, சாவுக்குத் தாய் வீடு, குடும்பத்தோடு வேளாங்கண்ணி. தனக்கென்று, ஆசைப்பட்டு, ஓர் இரவு கிடையாது. படங்களைப் பார்த்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏன் ரீட்டா, நம்ம சித்தேரி மலைக்கும் இந்த மாதிரிப் போலாமா?” அந்தக் கேள்வியில் இருந்த ஆசையைப் பார்த்ததும், என்ன ஆனாலும் இவரைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

உடனே தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, கட்டம் காலியாக இருந்தால் ஆளைத் தேட வேண்டும் என்ற ஜூலியின் சட்டத்தையும் அண்ணிக்குச் சொன்னேன். அரூர் வழியாகப் போய் மலை ஏறுவது, காட்டுக்குள் கூடாரம் போடுவது என்று எழுதினேன். அண்ணி சிரித்தார். “காட்டுல போய் யாராச்சும் படுப்பாங்களா? பாரஸ்ட்டுக்காரங்க விட மாட்டாங்க. பன்னி வேற வரும்.” எங்களிடம் கன்று வாங்கிப்போன மலைக்கார வீடு ஒன்று மேலே பஸ் நிற்கும் இடத்திலேயே இருக்கிறது, அவர்கள் களத்தில் கூடாரம் போடலாம் என்றார். சரியென்று அதையும், தகவலுக்கு அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் போன் நம்பரையும் எழுதினேன். நான் பெர்த்திலிருந்து கொண்டுவந்த விலை உயர்ந்த வார்ப்பட்டைகளைத் அண்ணி தூக்கிப் போட்டுவிட்டு, பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிச் சுருக்குப் போட்டு மூட்டையைக் கட்டினார். நான் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

பாதை அல்ல, பாரம் அல்ல, எங்கள் திட்டத்துக்குக் குறுக்கே நின்றது செவலை. அந்தப் பசு அண்ணியைத் தவிர யாரையும் மடியில் கை வைக்க விடாது. ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். காய்ச்சல் வரும். நாள்கணக்கில் மாடு தவிக்கும். “மாட்டை யாரு கறப்பா?” என்று அண்ணன் கேட்ட ஒரு கேள்வியில் அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏண்ணா, உங்களுக்குக் கை இல்லீங்களா?” என்றேன். ரோஷத்தில் அவரே கறக்கக் கிளம்பிப் போனார். முதல் நாள் வாளி உருண்டது. இரண்டாம் நாள் அண்ணன் உருண்டார். மூன்றாம் நாள் சொட்டுப் பால் இறங்கவில்லை.

“என் பழைய பொடவை ஒண்ணைப் போத்திக்கிட்டுப் போங்க. வாசனைக்கு நிப்பா” என்றார் அண்ணி.

அண்ணன் மீசையைத் தடவினார். “ஊரு சிரிக்கறதுக்கா? நான் ஆம்பளையாட்டம் கறப்பேன், இல்லைன்னா கறக்கவே மாட்டேன்.”

நாலாம் நாளும் உதைதான். ஆனாலும் ஐந்தாம் நாள் காலை, கறந்து முடித்த கையோடு, அடுத்த வேளைகளை அண்ணன் தலையில் விட்டுவிட்டு அண்ணி கிளம்பிவிட்டார். போனால் இன்றைக்கு, இல்லாவிட்டால் எப்போதுமே இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நான் இரவல் வாங்கிய கியர் சைக்கிளில், அவர் தன் பால் சைக்கிளில். திட்டத் தாளை அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமல் சட்டைப்பையில் மடித்து வைத்தார்.

மலைப்பாதை தொடங்கியதும் என் கியர் பெருமை இரண்டு வளைவுக்குள் காலி. நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். அண்ணியும் இறங்கினார், ஆனால் அவர் தள்ளுவதே வேறு. இடுப்பைச் சீட்டில் சாய்த்து, மூச்சு வாங்காமல், என்னைவிட ஒரு வளைவு முன்னால் போய் நின்று, “ஆஸ்திரேலியாக்காரம்மா, வர்றீங்களா?” என்று கேட்பார். வெயில் சாயும் முன் மேலே போய்ச் சேர்ந்தோம். கீழே மலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. “நான் மிதிச்சு வந்தேன் ரீட்டா. இத்தனை தூரம்” என்றார். பாதி தூரம் தள்ளி வந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாயந்திரம் பால் கறக்கும் நேரம் தாண்டியதும் அண்ணியின் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. களத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். “மடி கல்லாட்டம் ஆயிருக்கும். வாயில்லா சீவனைத் தவிக்க வுட்டுட்டு நான் இங்க வந்து வேடிக்கை பாக்கறேன்.” கூடாரத்தை நான் அடித்து முடிப்பதற்குள் அவர் மூட்டையைக் கட்டிவிட்டார். மேலே வந்து திரும்பும் கடைசி பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுக் கீழே போவதாகச் சொன்னார். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? மாட்டையும் வீட்டையும் விட்டு விமானம் ஏறிப் போனவள் நான்.

பஸ் வந்து நின்றது. அண்ணி படியில் கால் வைக்கும்போதே கண்டக்டர் இறங்கி வந்து கத்தினார்.

“இங்க கடத்தூரு சகாயம்ங்கறது யாருங்க?”

“நான்தாங்க.”

“உங்க வூட்டுக்காரரு அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போன் போட்டு, எங்கிட்டச் சொல்லச் சொன்னாருங்க. மாட்டைக் கறந்தாச்சாம். ஏழு லிட்டராம்.” கொஞ்சம் தயங்கிச் சிரித்தார். “சும்மா சொல்றேன்னு நெனைப்பா, அதனால பொடவையப் போத்திக்கிட்டுத்தான் கறந்தேன்னும் சேத்துச் சொல்லச் சொன்னாராம்.”

பஸ்ஸே கொல்லென்று சிரித்தது. சட்டைப்பைக்குப் போன தாளை எடுத்து, நாங்கள் எங்கே இருப்போம் என்று வரி வரியாகப் படித்து, போன் போட்டு, பஸ்ஸில் சேதி அனுப்பியிருக்கிறார் எங்கள் அண்ணன். அவர் மீசையை இறக்கி வைத்தது மாட்டுக்காக மட்டும் இல்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏழுதானா? நான் கறந்தா எட்டு வரும்” என்றார். சொல்லிவிட்டுப் படியிலிருந்து காலை எடுத்தார். பஸ் அவர் இல்லாமல் இறங்கிப் போனது.

விடியற்காலை, வழக்கமாகக் கறக்கப் போகும் நேரத்துக்கு அவர் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு, ஞாபகம் வந்ததுபோல், போர்வையை இழுத்து மூடி மறுபடியும் படுத்தார். ஊருக்குச் சொல்கிறேன், உலகத்துக்குச் சொல்கிறேன்: எங்கள் அண்ணி ஏழு மணி வரை தூங்கினார். ஜூலியோடு எத்தனையோ மேடு ஏறியிருக்கிறேன், இதுபோல் ஜெயித்த மாதிரி இருந்ததில்லை.

வீடு திரும்பியதும் அண்ணி செவலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, தாளை வாங்கித் தன் பெயருக்கு நேரே ‘திரும்பிய நேரம்’ கட்டத்தில் எழுதினார். பேனாவை என்னிடம் நீட்டினார். அப்புறம் எழுதுகிறேன் என்றேன். அடுத்த வாரம் விமானம் ஏறினேன்.

நேற்று போனில் பேசினோம். அடுத்த முறைக்கு ஏற்காடு என்கிறார். அண்ணன் இப்போது தினமும் சாயந்திரம் கறக்கிறார், புடவையை மட்டும் விட முடியவில்லையாம். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அந்தத் தாளை மாட்டுக் கொட்டாயில ஒட்டி வெச்சிருக்கறேன். உன் கட்டம் இன்னும் காலியாத்தான் கெடக்குது.” பெர்த்தில் வந்து இறங்கிய நேரத்தை அதில் எழுதுவதா, கடத்தூருக்குப் போகப்போகும் நேரத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் செவலை கத்துவது கேட்டது.

“காலியா இருந்தா ஆளைத் தேடணும்னு சொன்னியே ரீட்டா,” என்றார் அண்ணி. “நான் தேடிக்கிட்டுதான் இருக்கறேன்.”